கோயில் பெட்டியில் கிடைத்த ஓலைக்கட்டு: விற்பதா, ஆற்றில் விடுவதா?

கேள்வி: உடப்புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோயில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். மாரியம்மன் கோயிலுக்குப் புதுத் தகரம் அடிக்கப் பழைய கூரையைப் பிரித்தபோது, பலகைத் தட்டு ஒன்றில் மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே சிவப்புத் துணியில் சுற்றிய ஓலைக்கட்டும், மட்டை கழன்ற கணக்குக் கொப்பி ஒன்றும் இருந்தன. ஓலையில் இருப்பது தமிழ் எழுத்துத்தான். ஆனால் புள்ளியே இல்லை. எங்கே சொல் முடிகிறது என்றும் தெரியவில்லை. கொப்பியில் இருப்பது காமன் கூத்துப் பாட்டு என்று எங்கள் கூத்து வாத்தியார் சொல்கிறார்.

“பழுதான ஏட்டைக் கோயிலில் வைத்திருக்கக் கூடாது, ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விடுவோம்” என்கிறார் ஒரு பெரியவர். பழைய சாமான் வாங்கும் ஒருவர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டார். ஏ.எல். படிக்கும் என் மகள், பல்கேரியா நாட்டுப் பழைய பூசைப் புத்தகம் ஒன்று லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தொலைபேசியில் காட்டி, “இதுவும் அதைப் போலத்தானே அப்பா?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? எங்கள் கட்டு எவ்வளவு பழையது? ஓலைக்கு எண்ணெய் பூசி வெயிலில் காயவைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம் இருக்கிறது. ஓலையிலும் கொப்பியிலும் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்க வேண்டாம். ஆற்றில் விட வேண்டாம். எண்ணெய், வெயில் இரண்டும் வேண்டவே வேண்டாம். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

இது எந்த ஊர் ஓலை?

படத்தில் ஓலைக்குப் பக்கத்தில் நீங்கள் அடிமட்டத்தை வைத்தது நல்ல வேலை. அகலம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். இது பனையோலை. சிங்கள விகாரைகளில் உள்ள ஏடுகள் தாளிப்பனை ஓலையில் எழுதியவை; அவை இதைவிட அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். உங்கள் மலையில் பனை கிடையாது. ஆகவே இந்த ஓலையோ, எழுதி முடித்த கட்டோ, கடல் கடந்தோ வடக்கிலிருந்தோ வந்திருக்க வேண்டும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த சனத்தோடு குலதெய்வத்துப் பிடிமண்ணும் வந்தது, பாட்டும் வந்தது. அந்தப் பாட்டை ஏட்டோடு கொண்டுவந்த ஒரு குடும்பம் உங்கள் தோட்டத்தில் இருந்திருக்கிறது.

புள்ளி இல்லாததைக் கண்டு ஆயிரம் வருடத்து ஏடு என்று நினைத்துவிடாதீர்கள். ஓலையில் புள்ளி குத்தினால் நார் கிழியும் என்பதால் எழுதுகிறவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் புள்ளியை விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதில்லை. பாட்டு முடிந்தாலும் அடுத்தது அதே வரியில் தொடங்கும். பாடத் தெரிந்தவர் கையில் இருக்கும்போது இதனால் ஒரு தடங்கலும் இல்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை முந்நூறு, நானூறு வருடம் தாங்கினாலே அதிசயம். எழுத்தின் வடிவத்தையும் ஓலையின் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதியாக இருக்கும்.

முதல் ஓலையில் பிள்ளையார் சுழி தெளிவாகத் தெரிகிறது. இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் ஓலை எண் போட்டிருக்கிறார்கள். படத்தில் வந்த ஓலைகளில் படிக்க முடிகிற வரிகள் மாரியம்மன் தாலாட்டு வகையைச் சேர்ந்தவை. அந்தப் பாட்டு அச்சில் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் நாலாம் படத்திலுள்ள ஓலையைப் பாருங்கள்: மற்றவற்றைவிட அது கறுத்திருக்கிறது, வலது ஓரத்தில் விரல் பட்டுப்பட்டு வழவழப்பாகியிருக்கிறது, நடுவில் மஞ்சள் கறை. அம்மை கண்ட வீட்டிலோ, திருவிழாவில் சாமி இறங்கும் நேரத்திலோ அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகம் எதிலும் இந்தச் செய்தி இல்லை. அதனால்தான் ஓலையைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டாம் என்கிறேன். பூசை ஏட்டில் அழுக்கும் ஒரு சாட்சி.

கொப்பிக்கு வயது கண்டுபிடித்த விதம்

உண்மையைச் சொன்னால், ஓலையைவிட அந்தக் கிழிந்த கொப்பிதான் என்னை அதிகம் இழுத்தது. ஓலைக்கு இருக்கும் மரியாதை கொப்பிக்குக் கிடைக்காது. கமிட்டியில் யாராவது “அதைக் குப்பையில் போடலாம்” என்று சொல்லக்கூடும். விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில், ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. “விகாரி” என்று எழுதி வருடக் குறி, “மாசி” என்று எழுதி மாதக் குறி, பிறகு ௨௰ என்று போட்டு நாள் குறி. அதாவது விகாரி வருடம் மாசி 20. பக்கத்தில் ‘காமன் ஊன்றியது’ (கூத்துக்குக் காமன் கம்பம் நட்டது) என்றும், அதற்குக் கீழே பெரிய கங்காணி வேட்டி கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறது.

தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். விகாரி 1899 சித்திரையில் பிறந்தது. பிறகு 1959இல் பிறந்தது. கடைசியாக 2019இல் வந்தது. ஆகவே அந்த மாசி 1900ஆம் ஆண்டாக இருக்கலாம், 1960ஆக இருக்கலாம். காமன் ஊன்றுவது மாசி அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறையில் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1900இல் அந்த அமாவாசை மார்ச் 1ஆம் தேதி. மூன்றாம் பிறை மார்ச் 3 வாக்கில். மாசி 20ஆம் தேதியும் அதே கணக்கில்தான் வருகிறது. 1960இலோ அமாவாசை பெப்ரவரி 26ஆம் தேதியே வந்துவிட்டது. மாசி 20க்குள் பிறை வளர்ந்து ஆறாம் நாளாகியிருக்கும். அதோடு, தொழிலாளரைக் கடனால் கங்காணியோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பிறகு பெரிய கங்காணிகளின் பிடி தளர்ந்துகொண்டே போனது. 1960இல் தோட்டத்துக் கூத்துக்குப் பெரிய கங்காணி வேட்டி கொடுத்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். நூற்றியிருபது வருடத்துக்கு முன்பே உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றினார்கள் என்பதற்கு இந்த ஓரக்குறிப்பு எழுத்துச் சான்று. மலையகத்துக் கூத்தைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாய்வழிச் செய்தியை வைத்தே பேசுகிறார்கள். தேதி போட்ட எழுத்து கிடைப்பது அரிது.

கொப்பியின் பாட்டுகள் கதை வரிசையில் இல்லாததால் குழம்பிக் கிடப்பதாகத் தோன்றலாம். குழம்பவில்லை. எந்த இரவில் எது பாட வேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள். ரதி புலம்பல் ஒரே பாட்டாக இல்லாமல் மூன்று இடத்தில் வருவதும் அதனால்தான். ஓரத்தில் தப்பு அடிக்க வேண்டிய இடம் குறித்திருக்கிறது. வாத்தியார் கையில் வைத்துக்கொண்டு கூத்தை நடத்துவதற்கென்றே எழுதிய கொப்பி இது.

மகள் காட்டிய பல்கேரியப் புத்தகம்

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அவள் பார்த்தது பல்கேரிய மன்னர் இவான் அலெக்சாந்தருக்காக 1355–56இல் சிமோன் என்ற துறவி எழுதிய நற்செய்தி நூலாக இருக்கும். தோல் ஏட்டில், பொன்னும் வண்ணமும் குழைத்து வரைந்த 366 படங்கள் அதில் உண்டு. அரசரும் அவர் குடும்பமும் நிற்கும் படம்கூட இருக்கிறது. 1393இல் தலைநகர் தர்னோவோ துருக்கியரிடம் விழுந்தது. நூல் கைமாறிக் கைமாறிக் கடைசியில் கிரேக்கத்து ஆதோஸ் மலை மடம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. 1837இல் அங்கே போன கர்சன் என்ற ஆங்கிலேயர் அதைப் பெற்றுக்கொண்டு போனார். 1917இல் அவர் மகள் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பல்கேரியர்கள் தங்கள் அரசரின் புத்தகத்தைத் தங்கள் மண்ணில் பார்க்க வேண்டுமானால், லண்டன் இரவல் கொடுத்துக் கண்காட்சி வைத்தால்தான் முடியும்.

அது அரசருக்கு எழுதியது. அதனோடு உங்கள் கட்டை ஒப்பிட வேண்டாம். மகளுக்குக் காட்டவேண்டிய பல்கேரியப் புத்தகம் வேறு ஒன்று இருக்கிறது. 1960இல் கசான்லக் ஊருக்கு அருகே எனினா என்ற கிராமத்தில் பழைய தேவாலயத்தைத் திருத்தும்போது, சிதைந்த தோல் ஏடுகள் 39 கிடைத்தன. படமும் இல்லை, பொன்னும் இல்லை, ஓரமெல்லாம் உதிர்ந்துபோனவை. பதினோராம் நூற்றாண்டில் எழுதிய பூசை வாசகப் புத்தகம் அது: திருத்தூதர் நடபடிகளும் நிருபங்களும், வேதாகமத்தில் உள்ள வரிசையில் இல்லாமல், எந்த நாள் ஆராதனையில் எது வாசிக்க வேண்டுமோ அந்த வரிசையில். ‘எனினா அப்போஸ்தலர்’ என்று பெயர். பழைய பல்கேரிய மொழியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று என்பதால் சோபியாவின் தேசிய நூலகம் அதைக் கண்ணாக வைத்துப் பாதுகாக்கிறது. கோயிலைத் திருத்தும்போது கிடைத்தது, நாள் வரிசையில் எழுதியது, கை பட்டுத் தேய்ந்தது என்று உங்கள் பெட்டிக்கும் அதற்கும் பொருத்தம் நிறைய. வயதில் மட்டும்தான் எட்டாத தூரம்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். பாண்டிச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில் குருக்கள்மாரின் வீடுகளிலிருந்தும் மடங்களிலிருந்தும் சைவ ஏடுகளைத் திரட்டியது. அந்த வேலையை முன்னின்று செய்தவர் என்.ஆர். பட். பிரெஞ்சு நிறுவனத்திலும் அந்நகரத்துப் பிற தொகுப்புகளிலும் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஆகமங்களோடு ‘பத்ததி’ என்ற வகை ஏராளம். கும்பம் எங்கே வைப்பது, எந்த மந்திரத்துக்கு எந்த முத்திரை, பிரதிட்டையில் எது முன் எது பின் என்று குருக்களுக்கு வழிகாட்டும் கைநூல்கள் அவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் எழுதிய பத்ததியை வைத்து இன்றும் கிரியை நடக்கிறது. அவ்வளவு பெரிய தொகுப்பிலும் பளபளப்பான ஏடு சொற்பம். பெரும்பாலானவை நெய்யும் புகையும் பட்டுக் கறுத்தவை. கிரந்தத்தில் எழுதிய அந்தப் பத்ததியும், தமிழில் எழுதிய உங்கள் தாலாட்டும் தப்புக் குறித்த கொப்பியும் செய்த வேலை ஒன்றே.

ஆற்றில் விடுவது பற்றி

அந்தப் பெரியவரைக் கோபிக்க வேண்டாம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆடிப்பெருக்கில் பழைய ஏட்டை ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன கரிவலம்வந்தநல்லூரில், கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. சாத்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்த வழக்கத்தின் முதல் பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி முடித்த பிறகே பழையதை விடுவார்கள். ஐரோப்பியத் தோல் ஏட்டைச் சுரண்டிவிட்டு மேலே மறுபடி எழுதலாம். ஓலையில் எழுத்தாணி கீறிய கீறல் கீறல்தான். பிரதி எடுப்பது ஒன்றே வழி. பிரதி எடுக்கக் கற்றவர்கள் போய்விட்ட பிறகு, விடுகிற பாதி மட்டும் மிஞ்சியது. அதில் போன நூல்களுக்குக் கணக்கே இல்லை. நம் நாட்டில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏடுகளும் சாம்பலாயின. மிஞ்சியதை நாமே கையால் ஆற்றில் விட வேண்டுமா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

விலை கேட்டு வருகிறவர் பற்றி

முதலில் சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கின்றன. பழைய ஏடு போன்றவற்றை உரிய அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். வாங்குகிறவர் எங்கே கொண்டுபோவார் என்று உங்களுக்குத் தெரியாது. கோயில் சொத்தைக் கமிட்டி விற்றது என்ற பேச்சு மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.

அடுத்தது மதிப்பு. இந்தத் தாலாட்டு உங்கள் தோட்டத்துக் கோயிலில், அந்தப் பெட்டியில், அந்தக் கொப்பியோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் அதன் பலம். வியாபாரி ஓலையை எடுத்துக்கொண்டு கொப்பியை விட்டுவிடுவார். ஓலைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டு உல்லாசப் பயணிகளுக்கு விற்பவர்களும் உண்டு. அதோடு எந்த ஊர், எந்தக் கோயில், யார் பாடினார்கள் என்ற அத்தனையும் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது

ஓலையை வெயிலில் போட்டால் நெளிந்து வெடிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் பூசினால் பூஞ்சணமும் பூச்சியும் சேரும். பயிற்சி பெற்றவர்கள் புல்தைலம் பூசுவது உண்மை. எந்த ஓலைக்கு, எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். செலோடேப், றப்பர் வளையம், லமினேற்றிங் எதுவும் வேண்டாம். கொப்பிக்கும் இதே விதிதான்.

கட்டை அவிழ்ப்பதற்கு முன் துணி, முடிச்சு, பெட்டி எல்லாவற்றையும் படமெடுங்கள். ஓலை எண் முன்பின்னாக இருந்தாலும் கிடைத்த வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வோர் ஓலையையும் இரண்டு பக்கமும், அடிமட்டத்தோடு, பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். எழுத்தே இல்லாததுபோல் தெரியும் ஓலையை வெறும் ஓலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீறலில் பூசிய மை உதிர்ந்தால் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. சன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி பிடித்துப் பாருங்கள். கீறல் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மகளின் தொலைபேசியே போதும். உங்கள் பக்கத்தில் மார்கழி மழையும் பனியும் இந்த வேலைக்கு ஆகாது. ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசும்போது, உள்ளறையில் வைத்துச் செய்யுங்கள்.

பிறகு, துவைத்த, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, இறுக்காமல் கட்டுங்கள். வசம்புத் துண்டைத் துணிப் பொட்டலமாகப் பெட்டியின் மூலையில் வைக்கலாம். ஓலை மேல் படக் கூடாது. பெட்டி நிலத்திலிருந்து உயரமாக, சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். ஈரச் சுவரும் கறையானும் ஓலைக்கு எமன்.

படங்களை 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஏடுகளையும் மலையக ஆவணங்களையும் மின்வடிவாக்கி யாரும் வாசிக்கும்படி அவர்கள் வைக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஒட்டிய ஓலையைப் பிரிப்பதற்குக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தையோ தேசிய சுவடிகள் திணைக்களத்தையோ கேளுங்கள். யாரிடம் கொடுத்தாலும் சொத்து கோயிலுடையது என்றும், எப்போது திரும்பத் தருவார்கள் என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தில் வராத ஒன்று இருக்கிறது: மெட்டு. கொப்பியில் வரி இருக்கிறது, ராகம் இல்லை. உங்கள் கூத்து வாத்தியாருக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. அவரை உட்காரவைத்து, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் காட்டி, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்லட்டும்; அதுவும் பதிவாகட்டும். தப்பு அடிப்பவரும் பக்கத்தில் இருந்தால் ஓரக்குறிப்புகளுக்கு அர்த்தம் கிடைக்கும். மலைநாட்டு மக்களின் பாட்டுகளை எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது; மெட்டையும் சேர்த்தே தொகுக்கலாம்.

கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே போடுங்கள்: வரும் மாசிக்கு முன், தாலாட்டையும் கூத்துப் பாட்டுகளையும் தடித்த மட்டைக் கொப்பி ஒன்றில், புள்ளி வைத்து, சொல் பிரித்து, ஓரக்குறிப்பு ஒன்றுவிடாமல் பிரதி எடுப்பது. மகளையே எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் வருடம், மாதம், தேதி, தோட்டம், டிவிசன், எழுதியவர் பெயர், பாடிக் காட்டியவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். விகாரி வருடத்தில் எழுதியவர் தம் பெயரை மட்டும் போடாமல் விட்டுவிட்டார். மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும். கூத்துக்கு வாத்தியார் கையில் பிரதி போகட்டும். பெரியவர் கேட்ட வழக்கத்தில் விட்டுப்போன முதல் பாதியை அப்படி நிறைவேற்றியதாகவும் ஆகும்.